நடைபலகையில் கை தூக்கி நின்றவன்

ரங்கூன் பபேடான் பகுதியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துக்கு வந்து மாடி ஏறினீர்களானால் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம் தெரியும். பன்னிரண்டடி அகலம், ஏழடி உயரம். நம் ஆட்கள் அந்தக் காலத்தில் ரங்கூன் துறையில் கப்பலிலிருந்து இறங்குகிற காட்சி. நடைபலகையின் உச்சியில், வெள்ளை வேட்டி காற்றில் பறக்க, வலது கையைத் தூக்கி நீட்டியபடி ஒரு மூதாதை நிற்கிறார். அவர் பார்வை தூரத்து ஷ்வேடகோன் பொற்கோபுரத்தின் மேல். அகன்ற நெற்றி, அழுத்தமான மூக்கு. பின்னால் வருகிற கூட்டம் முழுவதும் அவரை நம்பித்தான் கடல் தாண்டியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அந்த நெற்றியும் மூக்கும் என்னுடையவை. கையும் என்னுடையதுதான். வயிறும் காலும் மட்டும் வேறு யாருடையவோ.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சுவரில் தொங்கியிருக்க வேண்டியது வேறொரு படம், வேறொருத்தர் வரைந்தது. அது தொங்காமல் போனதற்குக் காரணம் நான். அதை முதலிலிருந்து ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு எங்கள் தெருவுக்கு நான்கு மணி நேரம் கரண்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் இல்லை என்ற சாக்கு இல்லாவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க வேறு ஏதாவது கிடைக்கும்.

நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளன். பர்மிய மொழியில் உள்ள பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம் இவற்றை ஆங்கிலமாக்கி, வெளிநாடு போகிறவர்களுக்குக் கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் எங்கள் சங்கத்துத் தமிழ் மலரில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். மலரை வாசிப்பவர்கள் இருபது பேர் இருக்கலாம். அதில் பதினைந்து பேர் அதில் எழுதுகிறவர்கள். இந்த ஊரில் படித்தவன், வைத்தியன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் எல்லாரையுமே ‘சயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார் என்று பொருள். தகுதியை யாரும் விசாரிப்பதில்லை. அந்த வகையில் நானும் ரொம்ப வருடமாக ஒரு சயா.

என்னுடைய சயாத்தனத்துக்கு ஆதாரம் பான்ஸோடான் தெரு நடைபாதையில் வாங்கிய ஒரு தடிப் புத்தகம். பாரிஸில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் ராஜாவின் ஆதரவில் ஓவியர்களுக்கு ஒரு கழகம் வைத்து எப்படியெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள் என்று விளக்குகிற ஆங்கில நூல். முதல் அத்தியாயத்தைக் கரையான் சாப்பிட்டிருந்தது. மிச்சத்தை நான் சாப்பிட்டேன். சங்கத்தில் பலரும் அதைப் பிரெஞ்சுப் புத்தகம் என்றும் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றும் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

மண்டபத்தைப் புதுப்பித்தபோது மாடியில் அந்தப் பெரிய வெள்ளைச் சுவர் கிடைத்தது. நாங்கள் இந்த ஊருக்கு வந்த சரித்திரத்தை அதில் படமாக வைக்கவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. தலைவர் பருப்பு மண்டிக்காரர், உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த ஜில்லா என்று சொல்லிவிடுவார். ஓவியம் என்றால் அள்ளிப் பார்க்க முடியாது என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

“சயா, இது உங்க இலாகா. எப்படிச் செய்யணும்னு நீங்களே சொல்லிடுங்க.”

யாராவது ஒரு நல்ல ஓவியரைக் கூப்பிட்டு வரையச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு வைத்தேன். சமூசா உண்டு என்று அறிவித்ததால் முப்பது பேர் வந்தார்கள்.

பாரிஸில் படங்களுக்கே ஜாதி உண்டு என்று விளக்கினேன். உச்சியில் சரித்திரப் படம். பைபிள் கதை, பழைய வீரர் கதை, பெரிய மனிதர்கள் பெரிய காரியம் செய்வது. அதற்குக் கீழே ஆளைப் பார்த்து வரைகிற படம், பிறகு சாதாரண ஜனங்களின் அன்றாடக் காட்சி, பிறகு மலையும் மரமும். கடைசிப் படியில் தட்டில் வைத்த மீன், கூடையில் பழம், ஜாடியில் பூ.

“அப்ப நம்ம உளுந்து மூட்டை?” என்றார் தலைவர்.

“கடைசிப் படி.”

“அடப்பாவிகளா! அதை வித்துத்தானே சமூசா வாங்கினோம்.”

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “சயா, பொம்பளைங்களுக்குக் கத்துக்குடுக்கலையா?”

“ஆளை நிறுத்தி உடம்பைப் பார்த்து வரையுற வகுப்புக்குள்ள அவங்களை விடமாட்டாங்க. அது தெரியாம சரித்திரப் படம் வரைய முடியாது. அதனால அவங்க பூ வரைஞ்சாங்க, பழம் வரைஞ்சாங்க.”

“கடைசிப் படி.”

“ஆமா.”

“அப்ப நானும் அங்கதான். மீன் வரையுறவ.”

அவள் க்யிம்யிண்டைங் சந்தைப் பக்கத்தில் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுகிறவள். நாற்பதை நெருங்குகிற வயது. மீன் கடை, ஙப்பி என்கிற மீன் விழுது விற்கிற கடை, மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை எல்லாவற்றுக்கும் அவள்தான். கூட்டம் முடிந்து சமூசாத் தட்டோடு என்னிடம் வந்து, அந்தச் சுவருக்குப் படம் எழுத ஆசை என்றாள்.

“பதினஞ்சு வருஷமா எழுதுறேன் சயா. ரெண்டு மழைக்காலம் தாண்டி ஒண்ணும் நிக்கல. வெளுத்துப்போகும், இல்லாட்டி கடைக்காரன் அதுக்கு மேலயே வேற எழுதச் சொல்லுவான். நான் செத்தா நான் வரைஞ்சதுன்னு காட்ட ஒரு பலகை இருக்காது. இந்தச் சுவர்ல மழை படாது.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கூரைக்குக் கீழே ஒரு சுவர். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. அதனால்தான் புரியாமல் நடந்தது என்று இப்போது என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இன்னொருவரும் கேட்டார். கோயில் கோபுரங்களுக்குச் சுதையும் வர்ணமும் செய்கிற ஓவியர், அலோனில் பட்டறை வைத்திருப்பவர். நல்ல கைக்காரர், நன்றாகப் பேசுவார். இரண்டு பேர் வந்துவிட்டார்கள் என்றதும் எனக்குள் இருந்த பாரிஸ் எழுந்து உட்கார்ந்துகொண்டது. போட்டி வைக்கலாம் என்றேன். அங்கே செய்த மாதிரியே.

அங்கே மாணவர்கள் முதலில் அச்சுப் படத்தைப் பார்த்து மூக்கு, காது, பாதம் என்று தனித்தனியாக வரைவார்கள். பிறகு கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்பைப் பார்த்து. அதில் தேறின பிறகுதான் உயிருள்ள ஆளைப் பார்த்து. எங்களிடம் கிரேக்கச் சிலை இல்லை. கோபுரத்திலிருந்து இறக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த மூக்கு உடைந்த துவாரபாலகர் ஒருவர் இருந்தார். அவரைத் துடைத்து ஸ்டூல் மேல் ஏற்றி இரண்டு பேரையும் வரையச் சொன்னேன். கோபுர ஓவியர் மூக்கு வைத்து, மீசை முறுக்கி, கையில் கதாயுதமும் கொடுத்து முடித்தார். அவள் உடைந்தது உடைந்தபடியே வரைந்தாள். கன்னத்தில் இருந்த பல்லி எச்சம் கூட இருந்தது.

“மூக்கு எங்கம்மா?” என்றார் தலைவர்.

“அங்கயும் இல்லீங்களே.”

அடுத்தது அடைத்து வைப்பது. பாரிஸில் போட்டிக்காரர்களைத் தனித்தனிச் சின்ன அறையில் விட்டு, தலைப்பைக் கொடுத்து, யார் உதவியும் இல்லாமல் முதல் வரைவைச் செய்யச் சொல்வார்கள். அந்த வரைவில் முத்திரை வைத்துவிடுவார்கள். பிறகு வரைகிற பெரிய படம் அந்த வரைவோடு ஒத்துப்போகவேண்டும். முழுக்க வேறு படமாக மாறினால் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள். சின்னச் சின்னத் திருத்தங்களை விட்டுவிடுவார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சின்னத் திருத்தம் பற்றிய அந்த வரியைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நான் வைத்திருந்தேன்.

கீழே டியூஷன் நடக்கிற ஒட்டுப்பலகை அறைகளில் இருவரையும் ஒரு நாள் முழுவதும் உட்கார வைத்தோம். மத்தியானச் சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்பட்டது. தலைவர் ஒரு தடவை எட்டிப்பார்க்கப் போனபோது நான் தடுத்தேன். “பருப்புக் கொள்முதலுக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது சயா” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். சாயங்காலம், இனி இதை மாற்றக்கூடாது என்று இருவருக்கும் சொல்லி, இரண்டு வரைவிலும் சங்க முத்திரையை நானே குத்தினேன். முத்திரை குத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. அரசாங்க அலுவலகங்களில் இத்தனை வருடம் வரிசையில் நின்றும் எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

சரித்திரப் படம் என்றால் நடுவில் ஒரு பெரிய மனிதர், பார்த்தவுடன் பொருள் சொல்கிற ஒரு கை வேண்டும் என்று நான் அறைக்குள் அனுப்புவதற்கு முன் இருவருக்கும் சொல்லியிருந்தேன். இரண்டு வரைவிலும் நடைபலகை மேல் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பெரிய படத்துக்கு எட்டு வாரம் கொடுத்தோம். மூன்றாவது வாரம் அவள் என்னை டீக்கடையில் பிடித்தாள். விரல் நகமெல்லாம் கரி.

“சயா, நாலு நாளா காலையில அலோன் துறைக்குப் போய் மூட்டை தூக்குறவங்களைப் பார்த்து வரைஞ்சிட்டிருக்கேன். நீங்கதானே சொன்னீங்க, ஆளைப் பார்த்து வரையணும்னு.”

“ரொம்ப நல்லது.”

“பலகையில இறங்குறவன் ஒருத்தனும் கையைத் தூக்குறதில்ல. தூக்கினா விழுந்துடுவான். எல்லாரும் காலைத்தான் பார்த்து இறங்குறாங்க. அந்த ஒரு ஆளை மட்டும் மாத்தணும். கப்பல், பலகை, கூட்டம், எல்லாம் அப்படியே இருக்கும். மாத்தலாமா?”

நான் டீயை உறிஞ்சியபடி யோசிப்பதுபோல் யோசித்தேன். “ஒரு ஆள்தானே. மாத்து தங்கச்சி. சின்னத் திருத்தத்தைப் பாரிஸ்லயே விட்டுடுவாங்க.”

“நெசமாவா?”

“புஸ்தகத்துல இருக்கு.”

அவள் என் டீயையும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலை கோபுர ஓவியர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அண்ணே, நடுவுல நிக்கிறவருக்கு ஒரு முகம் கிடைக்கமாட்டேங்குது. எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். இங்க வந்து உங்களைப் பார்த்ததும்...” அவர் பேச்சை நிறுத்தி என் நெற்றியையே பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். நான் என்னையறியாமல் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன்.

நடுவராக இருக்கிறவன் போட்டியாளர் ஒருவருக்கு மாடலாக நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் ஊரில் கோயில் படங்களில் நன்கொடை கொடுத்தவர் முகத்தை ஏதோ ஒரு ரிஷிக்கு வைப்பது வழக்கம்தானே என்று மனதுக்குள் ஒரு வாதம் செய்துகொண்டேன். நான் ஒரு கியாட்டும் நன்கொடை கொடுத்ததில்லை என்பதை அந்த வாதத்தில் சேர்க்கவில்லை.

ஐந்து ஞாயிறு நின்றேன். கையைத் தூக்கியபடி ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் பாரிஸில் மாடல்களுக்கு மேலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். இதையும் சொற்பொழிவில் நான்தான் சொல்லியிருந்தேன். பட்டறை உத்திரத்திலிருந்து ஒரு நைலான் கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, கடன் வாங்கிய பட்டுக்கரை வேட்டியில், டீசல் பீப்பாய் மேல் நான் நின்றேன். எதிர்ச் சுவரில் இருந்த டயர் காலண்டர்தான் ஷ்வேடகோன்.

“அண்ணே, மூச்சை உள்ள இழுங்க.”

“இழுத்துத்தான் வச்சிருக்கேன்.”

“பரவாயில்ல, வயித்தை நான் பார்த்துக்கிறேன். காலை மட்டும் வேற ஆள்கிட்ட எடுத்துக்கிறேன்.”

என் கொள்ளுத்தாத்தா ரங்கூன் முனிசிபாலிட்டியில் கக்கூஸ் வண்டி இழுத்தவர். எங்கள் வீட்டில் அதை ‘முனிசிபாலிட்டி உத்தியோகம்’ என்போம். அவர் கப்பலிலிருந்து எப்படி இறங்கியிருப்பார் என்று அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நிமிடம்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு நாளன்று இரண்டு படங்களையும் மண்டபத்தில் அருகருகே நிறுத்தி, பக்கத்தில் முத்திரை குத்திய வரைவுகளை வைத்தோம். தலைவர், நான், இரண்டு ஓவியர்கள், வேடிக்கை பார்க்க ஒரு பத்துப் பேர்.

கோபுர ஓவியரின் படம் பளபளவென்று இருந்தது. யாரோ “சயா மாதிரியே இருக்கு” என்றார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அவள் படத்தின் முன்னால் எல்லாரும் நெருங்கி வந்து நின்றார்கள். கப்பல், பலகை, கூட்டம் எல்லாம் வரைவில் இருந்தபடியே. நடுவில் இருந்தவன் மட்டும் மாறியிருந்தான். பிடரியில் தகரப் பெட்டி. ஒரு கை அதன் விளிம்பைப் பிடித்திருந்தது. குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. கால் கட்டைவிரல் பலகையை அழுத்திப் பிடித்திருந்தது. அந்த விரலைப் பார்த்தால் பலகை ஆடுவது தெரிந்தது. பின்னால் வருகிற பெண் ஒருத்தி அவன் காலைப் பார்த்து, அவன் வைத்த இடத்தில் தன் காலை வைக்கப்போகிறாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “எங்கப்பா இப்படித்தான் நடப்பாரு” என்றார். “பெட்டி இல்லாதப்பவும் இப்படித்தான் நடப்பாரு.”

முடிந்தது, இதுதான் தொங்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கும். அவள் சுவரைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கிற பார்வை.

அப்போது கோபுர ஓவியர் ரொம்பப் பணிவாகச் சொன்னார். “நல்லா இருக்கு. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா வரைவுல ஆள் நிமிர்ந்து நிக்கிறான். இங்க குனிஞ்சிருக்கான். மாத்தக்கூடாதுன்னு அண்ணன்தானே சொன்னாரு? நான் மாத்தாம எட்டு வாரம் கட்டுப்பட்டு இருந்தேனே.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “சயா, விதி என்ன?”

அவளும் என்னைப் பார்த்தாள். கவலையே இல்லாமல் பார்த்தாள். டீக்கடையில் நான் சொன்னதை இப்போது இங்கே சொல்வேன், அவ்வளவுதானே என்பதுபோல.

என் வாயில் வந்தது இது: “ஒரு கோடுகூட மாறக்கூடாது.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல மாதமாக என்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். கண்டிப்பான ஆள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை கொஞ்சம். இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சொன்னேன் என்று தெரிந்துவிடும் பயம் கொஞ்சம். ஆனால் அடியில் கிடப்பது ஒன்றுதான். அந்தச் சுவரில் என் மூக்கு இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவு சின்னது. கட்டுரைகளில் என்னை நானே கிண்டல் செய்து பேர் வாங்கியவன் நான். கிண்டல் செய்கிற அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவள் காத்திருந்தாள். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். நான் புத்தகத்தைப் புரட்டினேன். தலைவர் பெருமூச்சு விட்டு, “விதின்னா விதிதானேம்மா” என்றார். அவள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். அவள் காலைப் பார்த்து இறங்கினாளா என்று நான் கவனிக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. பிரெஞ்சுச் சரித்திர ஓவியமும் நம் சரித்திரமும் என்று அரை மணி பேசினேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கேட்டாள்.

“அது யாரு நடுவுல, உங்க அண்ணனா?”

“உனக்கு எப்பவும் கிண்டல்.”

“இல்ல, இவ்வளவு தைரியமா நிக்கிறாரே, யாருன்னு தெரியல. நம்ம வீட்டுல கரப்பான்பூச்சிக்கு ஸ்டூல் மேல ஏறுறவரு மாதிரியும் இருக்கு.”

மழைக்காலம் பாதி போனபிறகுதான் மற்றது காதில் விழுந்தது. அவள் திருட்டுத்தனம் செய்து ஜெயிக்கப் பார்த்தாள் என்று பேச்சு பரவியிருந்தது. வருடா வருடம் திருவிழாப் பலகைகள் எழுதக் கொடுக்கிற கோயில்காரர்கள் அந்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இதை எனக்குச் சொன்னது தலைவர்தான். “முத்திரை குத்தின தாளையே ஏமாத்தப் பார்த்திருக்குதே அந்தப் பொண்ணு” என்று, எனக்கு ஆதரவாக.

அன்றைக்கே போயிருக்கவேண்டும். மூன்று வாரம் கழித்துப் போனேன். வட்ட ரயிலில் க்யிம்யிண்டைங் இறங்கி, சந்தைக்குப் பின்னால் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு பெரிய பலகை. அவள் இறால் ஒன்றுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

“உட்காருங்க சயா. அந்த ஸ்டூல் வேணாம், பெயிண்ட் ஈரம்.”

நான் நின்றபடியே சொன்னேன். விதி எனக்குத் தெரியும், டீக்கடையில் சொன்னதுதான் சரி, அன்று மாற்றிச் சொன்னது நான் என்று. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததால் வாக்கியங்கள் நன்றாக அமைந்தன. அதற்கும் வெட்கமாக இருந்தது.

அவள் தூரிகையை நிறுத்தவில்லை. “அந்தப் படத்துக்கு நீங்க எப்ப நின்னீங்க? தீர்ப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“எத்தனை நாள்?”

“அஞ்சு ஞாயிறு.”

“டீக்கடைக்கு அப்புறமா?”

“அப்புறம்.”

அவள் தலையாட்டினாள். மீசையின் அடுத்த மயிரை ஒரே இழுப்பில் போட்டாள். “நான் அன்னிக்கு வாயைத் திறக்கல, தெரியுமா? சயாவை எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு. நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.”

“சொல்லியிருக்கணும்.”

“இப்ப சொல்லுங்க.”

“படம் மாட்டியாச்சு. ஆணி அடிச்சாச்சு. இனிமே கமிட்டி அதைக் கழட்ட...”

“சுவரை யாரு கேட்டா?” என்றாள். முதல் தடவையாக நிமிர்ந்தாள். “என் படம் பீரோ மேல பிளாஸ்டிக்ல சுத்திக் கிடக்கு, இருக்கட்டும். சயாகிட்ட கேட்டுத்தான் மாத்தினேன்னு சொல்லுங்க. நான் ஏமாத்தலைன்னு சொல்லுங்க. கோயில்ல சொல்லுறாங்க, சந்தைக்கு வர்றவங்க எங்கிட்டயே சொல்லுறாங்க. எழுதி ஒட்டுங்க. பர்மா பாஷைல எழுதுங்க, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் வந்து படிச்சுப் பார்ப்பேன்.”

கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் கொஞ்ச நேரம் என்னையும் பிறகு படத்தில் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை ஏன் சயா இப்ப கிளறுறீங்க?” என்றார். பிறகு, “சரி, ஏதாவது எழுதிப் போடுங்க. சங்கத்துக்குக் கெட்ட பேர் வராம எழுதுங்க. அதுதான் உங்க தொழிலாச்சே” என்றார்.

நானே எழுதினேன், மூன்று வரி, நல்ல அலுவலகப் பர்மிய நடையில். ஓவியப் போட்டி விதிகள் விளக்கப்பட்டதில் தெளிவின்மை ஏற்பட்டிருந்தது என்றும், போட்டியாளர் விதி எதையும் மீறவில்லை என்றும், சங்கம் வருந்துகிறது என்றும். யார் விளக்கினார், யாருக்குத் தெளிவில்லை என்பது அந்த மூன்று வரியில் எங்குமே இல்லை. ஆளே இல்லாமல் வாக்கியம் அமைப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. சான்றிதழ்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாள் அவள் வந்து படித்திருக்கிறாள். சாயங்காலம் போன் வந்தது.

“சயா, பார்த்தேன். தெளிவில்லைன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“தெளிவாத்தானே சொன்னீங்க? டீக்கடையிலயும் தெளிவாச் சொன்னீங்க, மண்டபத்துலயும் தெளிவாச் சொன்னீங்க.”

நான் பதில் சொல்வதற்கு நேரம் கொடுத்தாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

“யபாடே,” என்றாள். பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டாள். திருவிழாப் பலகைகள் இந்த வருடமும் அவளுக்கு வரவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். டீக்கடை, கயிறு, ஐந்து ஞாயிறு, ஒரு கோடுகூட மாறக்கூடாது என்றது, எல்லாவற்றிலும் ஆளை வைத்து எழுதியிருக்கிறேன். அந்த ஆள் நான். மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். தலைவர் போடுவார். அவர் மலரைப் படிப்பதில்லை.

எழுதி முடித்துத் திருப்பிப் படித்தபோதுதான் உறைத்தது. இவ்வளவையும் நான் எழுதியிருப்பது தமிழில். கோயிலில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைப் படிக்க வராது. சந்தையில் யாருக்குமே வராது. அவளுக்கும் வராது. உறைத்தது என்று எழுதிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதே தெரியும்.

இதைப் பர்மிய மொழிக்கு மாற்றுவது எனக்கு ஒரு மத்தியான வேலை. ஒரு பிரதியைக் கோயில் வாசலில் ஒட்டலாம். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, இறாலுக்கோ நண்டுக்கோ அவள் வர்ணம் பூசிக்கொண்டிருக்கும்போது எதிரே நின்று வாசித்துக் காட்டலாம். வருகிற ஞாயிறு போகலாம் என்று இருக்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன்.